உள்ளங்கையில் புஸ்வாணம்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். செல்போன் அடித்தது. திரையில் பெயர் — 'ஆர்ட் டைரக்டர்'.

அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதை யாரிடமும் சொல்ல மாட்டார். கை குலுக்கும்போதே "நான் ஆர்ட் டைரக்டர்" என்பார். நாம் எழுந்து நிற்க வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும்.

"சார், கங்கிராட்ஸ்! நம்ம பேக்கிங் காம்படிஷனுக்குப் போகுது. உங்க லைனை மட்டும் இங்கிலீஷ்ல மாத்தி அனுப்புங்க. ஜட்ஜுக்குப் புரியணும்ல?"

நம்ம பேக்கிங்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "அப்புறம் பேசறேன்" என்று கட் செய்துவிட்டேன். அவர் மறுபடியும் இரண்டு முறை அடித்தார். எடுக்கவில்லை.

பாராட்ட ஒருத்தர் போன் செய்தால் இப்படியா முகத்தைத் திருப்புவது? நியாயமான கேள்வி. கொஞ்சம் உட்காருங்கள், சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் உபதொழில் தெரியும். விருதுநகரில் இருந்துகொண்டு பட்டாசு கம்பெனிகளுக்குப் பெட்டி மேல் போடும் வாசகம் எழுதித் தருவேன். முன்பக்கத்துக்கு ஒரு ஜோரான வரி. பின்பக்கத்துக்கு நாலு வரி எச்சரிக்கை. முன்பக்க வரிக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வேன். பின்பக்கத்தை டீ ஆறுவதற்குள் எழுதிவிடுவேன். யார் படிக்கப் போகிறார்கள்?

அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே பெரியவர் ஒதுங்கிக்கொண்டு, எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்த மகன் பொறுப்பேற்றிருந்தார். சின்ன முதலாளி. நல்ல பிள்ளைதான். ஆனால் பெட்டி மேல் இருந்த பழைய படங்களைப் பார்த்தாலே அவருக்குக் கூச்சம். ரோஜாப்பூ, கிளி, கொழுகொழு குழந்தை, உறுமும் புலி... புலிக்கும் புஸ்வாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். இனிமேல் வரைந்த படம் கிடையாது, எல்லாம் போட்டோ என்றார். சென்னை ஏஜென்சி ஒன்றைப் பிடித்தார். ஏஜென்சி அனுப்பி வைத்தவர்தான் நம் ஆள்.

போட்டோகிராபர் மட்டும் உள்ளூரிலேயே இருக்கட்டும் என்றார் சின்ன முதலாளி. நான் காதர் பாயைச் சொன்னேன்.

விருதுநகர் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார் காதர். என்னைவிடப் பத்து வயது இளையவர். இந்த ஊரில் பாதிப்பேர் கல்யாணத்தில் அவர் கேமராவைப் பார்த்துத்தான் அசட்டுச் சிரிப்பு சிரித்திருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடுத்தால்கூட, பார்க்கிறவனுக்குத் தாகம் வரும். அப்படி ஒரு கை. விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணே, கல்யாண ஆல்பம் பீரோவுக்குள்ள போயிரும். ரேசன் கார்டு போட்டோவ எடுத்தவன் யாருனு எவன் கேப்பான்? இது அப்படியில்லல்லா? பெட்டி மேல வந்துட்டா நம்ம படம் டெல்லி, கல்கத்தானு போகும். இது மட்டும் நல்லா வந்துட்டா மிச்ச ஐட்டம் பூராவும் எனக்குத்தானாம், சின்னவரு சொல்லிட்டாரு. இருபது வருசமா இதுக்குத்தாண்ணே காத்துக் கெடந்தேன்."

ஆனி மாத வெயிலில், என் ஸ்கூட்டரின் பின்னால் கேமரா பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். சாத்தூர் ரோட்டில் பள்ளம் வந்தபோதெல்லாம் "மெதுவா அண்ணே, மெதுவா" என்றார். எனக்காக இல்லை, லென்ஸுக்காக.

ஆர்ட் டைரக்டர் எங்களுக்கு முன்பே காரில் வந்து இறங்கியிருந்தார். கையில் ஒரு கறுப்பு அட்டை. நடுவில் செவ்வகமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்ப்பார். ஆபீஸ் வாசலைப் பார்த்தார். வேப்ப மரத்தைப் பார்த்தார். டிபனுக்கு இட்லி வந்தது. இட்லியையும் அட்டை வழியாகப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நான் சட்னியைத் தள்ளி வைத்தேன், பிரேமுக்குள் வரட்டும் என்று.

கமர்ஷியல் போட்டோ எடுக்கிற இடத்தில் ஆர்ட் டைரக்டருக்கு என்னதான் வேலை? எனக்கும் அன்றுவரை தெரியாது. கேமராவைத் தொடுவது போட்டோகிராபர். சரக்கைக் கொடுப்பது கம்பெனி. வரி எழுதுவது நான். இவர்... பார்ப்பார். பார்த்து, "இது வேண்டாம், அது வேண்டும்" என்பார். சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகச் செய்தால் அது பெரிய வேலைதான். வாங்குகிறவன் இந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைப்பான், என்ன செய்வான் என்று எடுப்பதற்கு முன்பே யோசிக்க ஒரு ஆள் வேண்டாமா? அதற்குத்தான் அந்த நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஆள் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். யோசிக்கிற வேலையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அவருடைய வாயில் மூன்று வார்த்தைகள் சுற்றிச் சுற்றி வந்தன. ஃபீல், மூட், லுக். காதர் லைட்டைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துவார். "ஃபீல் இல்லை." வலது பக்கம் நகர்த்துவார். "மூட் மிஸ் ஆகுது." பழையபடியே வைப்பார். "எக்ஸாக்ட்லி! இதைத்தான் முதல்ல இருந்து சொல்றேன்!" காதர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

ஆபீஸ் ஹாலில் வெள்ளைத் துணி விரித்து, புஸ்வாணப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். நிஜ சரக்கு. போர்மேன் மாரிச்சாமி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் அந்தக் கம்பெனியில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்ப்பவர். நம் ஆள் பையைத் திறந்தார். சலூனில் வைத்திருப்பார்களே, அந்த ஸ்ப்ரே பாட்டில். எடுத்தார். பெட்டியின் மேல் புஸ், புஸ், புஸ்ஸென்று தண்ணீரை அடித்தார்!

மாரிச்சாமி பாய்ந்து வந்து பெட்டியைப் பிடுங்கினார்.

"சார் சார்! என்ன காரியம் செய்தீக? தண்ணி தெளிக்க இது என்ன கத்திரிக்காயா? மருந்து நனைஞ்சா உள்ளுக்குள்ள சூடேறும் சார். தூறல் விழுந்தாலே நாங்க வேலைய நிப்பாட்டிருவோம்."

"கூல், கூல். ஃப்ரெஷ் லுக் வேணும். பனித்துளி மாதிரி. ஆப்பிளுக்கெல்லாம் இப்படித்தான் பண்ணுவோம்."

"பட்டாசு காஞ்சு கெடந்தாத்தான் சார் ப்ரெஷ்ஷு."

பெட்டியைக் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு, கழிவு போடும் குழியைப் பார்த்து நடந்தார் மாரிச்சாமி. திரும்பி வரும்போது மருந்து அடைக்காத வெறுங்கூடுகளைக் கொண்டுவந்து, "இனிமே இத வச்சு என்ன வேணா செய்யுங்க" என்று வைத்துவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் எழுதிக் கொடுத்த வரி — 'உள்ளங்கையில் பூக்கும் ஒளி!' மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. ஆர்ட் டைரக்டர் அதைப் படித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"சார்... வாட் எ லைன்! இதுதான் கான்செப்ட். குழந்தை கையில புஸ்வாணம். அப்படியே உள்ளங்கையில இருந்து பூக்குது!"

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? குளிர்ந்து போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. நம் வரியை ஒருத்தன் இவ்வளவு ரசிக்கிறானே!

புஸ்வாணத்தைத் தரையில் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இந்த ஜில்லாவில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் குளிர்ந்து போனேன்.

சின்ன முதலாளி தன் மகளையே கூட்டி வந்தார். ஏழு வயது. பட்டுப்பாவாடை. ஆர்ட் டைரக்டர் அட்டை வழியாகப் பார்த்து "பர்ஃபெக்ட்" என்றார். வெறுங்கூட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். அது என்ன செய்தது தெரியுமா? குனிந்து தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றது. பட்டாசு கம்பெனி வீட்டுப் பிள்ளையல்லவா, நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

"நோ, நோ பாப்பா. கையில வெச்சுக்கோ. தலையைச் சாய். சிரி."

மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தது. மூன்றாவது தடவை அப்பா அதட்டின பிறகுதான் கையில் வைத்துக்கொண்டு, பயந்து பயந்து சிரித்தது.

காதர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"சார், இது கையில பிடிக்கிற சாமான் இல்ல."

"தெரியும் பாஸ். நாம என்ன கொளுத்தவா போறோம்? ஃபயர் எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்தப் பாப்பாவுக்கு ஆகாது சார். பெட்டி வாங்குற வீட்டுப் பாப்பா என்ன செய்யும்? இதே மாதிரிதான ஏந்திக்கிட்டு நிக்கும்?"

"பாருங்க மிஸ்டர்... இது எமோஷன். கான்செப்ட் என் டிபார்ட்மென்ட். நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க."

பட்டனை மட்டும் அமுக்குங்க! இருபது வருஷம் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? காதரின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"முதலாளி, நீங்களாவது சொல்லுங்க. நீங்க இதுலயே பொறந்து வளந்தவுக."

சின்ன முதலாளி நெளிந்தார். மகளைப் பார்த்தார், சென்னைக்காரரைப் பார்த்தார். "பின்னாடி வார்னிங் போட்டிருவோம் பாய். 'கையில் பிடிக்காதீர்'னு தெளிவா போட்டிருவோம். சார்தான எழுதப் போறாக" என்று என்னைக் கைகாட்டினார்.

முன்பக்கம் பிடி என்று படம். பின்பக்கம் பிடிக்காதே என்று எழுத்து. இந்தக் கோமாளித்தனத்தைக் கேட்டு யாராவது சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. ஹாலில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றார் காதர். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாக."

உண்மைதான். கேட்டிருப்பார்கள். வரி என்னுடையது. "அந்த வரி வேண்டாம், மாற்றித் தருகிறேன்" என்று நான் சொல்லியிருந்தால் கான்செப்ட் அங்கேயே புஸ்ஸாகியிருக்கும். ஒரே ஒரு வாக்கியம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சின்ன முதலாளியிடம் கேட்டேன் —

"பின்பக்கம் எத்தனை வரிக்கு இடம் இருக்கும்?"

காதர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவ்வளவுதான். லென்ஸுக்கு மூடி போட்டார். லைட்டை அணைத்தார். லைட்டுக்கு மேல் விரித்திருந்த குடையை மடக்கினார். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"இந்தப் படத்த நான் எடுக்கல முதலாளி. தப்பா நெனைக்காதீக."

வரும்போது என் ஸ்கூட்டரில் வந்தவர். போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த மத்தியான வெயிலில், ஊருக்குள் ரோடு பிரிகிற அச்சங்குளம் விலக்குக்கு நடந்து போய் பஸ்ஸுக்கு நின்றார். வேண்டாம் என்று விட்டது ஒரு படத்தை இல்லை. இருபது வருஷமாக எதிர்பார்த்துக் கிடந்த வாழ்க்கையை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் போன பிறகு ஹாலில் ஒரு வேடிக்கை. ஆர்ட் டைரக்டர் அட்டையை எடுத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சோ... இங்க வேற யாராவது கேமரா ஹேண்டில் பண்ணுவீங்களா?"

மனுஷனுக்குப் படம் எடுக்கவே தெரியாது! அட்டையில் உள்ள ஓட்டை வழியாகப் பார்க்க மட்டும்தான் தெரியும். மூலையில் நின்ற மாரிச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்தே ஒரு போட்டோகிராபர் வந்தார். "இந்தப் பக்கமா சார்? சரி சார். இன்னும் கிட்டவா சார்? சரி சார்." அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் தீப்பூ வைத்தார்கள். பிள்ளையின் கையை இரண்டு ஷேடு வெளுப்பாக்கினார்கள். அந்தப் பயந்த சிரிப்பைத் துடைத்துவிட்டு வேறு ஏதோ சிரிப்பை ஒட்டினார்கள். சிவகாசியில் அச்சாகி வந்தபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், கண்ணைப் பறித்தது. சீசனில் லோடு லோடாகப் போனது.

மிச்ச ஐட்டம் பூராவும் அந்தச் 'சரி சார்'தான் எடுத்தார். காதர் ரேஷன் கார்டு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். பஜாரில் என்னைப் பார்த்தால் இப்போதும் "வாங்கண்ணே, டீ சாப்பிடுதீகளா?" என்கிறார். நாலு கெட்ட வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம் மனுஷன்.

இப்போது தீபாவளிக்கு வருகிறேன்.

சாயங்காலம், தெருவில் விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து வீட்டுக்கு ஆறு மாதம் முன்பு ஒரு பேங்க் அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார். தமிழ்க் குடும்பம்தான். பட்டாசு என்றால் வருஷத்துக்கு ஒருநாள் பார்க்கிறவர்கள். அவர் மகள் மது, யூ.கே.ஜி. மகளுக்குக் கம்பி மத்தாப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, வாழ்த்துச் சொல்ல வந்த போனை எடுக்க அவர் உள்ளே போயிருந்தார்.

நான் வாசலில் ஈஸிசேரில் கிடந்தேன். தற்செயலாகத் திரும்பினேன்.

படியில் அந்தப் பிள்ளை நிற்கிறது. இடது உள்ளங்கையில் புஸ்வாணம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உதட்டில் சிரிப்பு. வலது கையில் எரிகிற மத்தாப்பு மெல்ல மெல்லத் திரியிடம் போகிறது...

எப்படி எழுந்தேன், எப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் தாண்டினேன், தெரியாது. ஐம்பத்தாறு வயது. மூட்டு வலி. ஓங்கி அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதற்குள் திரி பற்றிவிட்ட புஸ்வாணம் தெரு மண்ணில் போய் விழுந்து, விழுந்த இடத்திலேயே சீறிப் பூத்தது. ஆள் உயரத்துக்கு. மத்தாப்புக் கம்பி என் முழங்கையில் இழுத்த கோடு இன்னும் கொப்புளமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அவள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மது ஓவென்று அழுதாள். பயத்தில் இல்லை. கோபத்தில். அவள் புஸ்வாணத்தை நான் தட்டிவிட்டேனாம்.

"கையில பிடிக்கலாமாம்மா அதை? கை வெந்து போயிருக்குமே!"

அவள் விடுவிடுவென்று உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த அக்கா மட்டும் பிடிச்சிருக்காங்க?"

பெட்டியைப் பார்த்தேன். வெளுப்பாக்கின கை. ஒட்டவைத்த சிரிப்பு. மேலே கொட்டை எழுத்தில் என் வரி. வேறு வழி தெரியாமல் நான் பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி நாலு வரி. அதுவும் என்னுடையதுதான்.

"இங்க பாரு, என்ன போட்டிருக்கு? 'கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாது'. நல்லாப் படிச்சுப் பாரு."

அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டியை வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தடவித் தடவி, ரொம்ப நேரம் தேடினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அம்மா, ஆடு வரைக்கும்தான் மாமா படிக்கத் தெரியும்."

நான் எழுதிய நாலு வரியில் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை.